பிழையில்லாமல் எழுத ஒரு வீட்டு வாத்தியார்

கம்ப்யூட்டரைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி?

சாயங்காலம் விளக்கு ஏற்றியாயிற்று. பையன் நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் 'சொல்வதை எழுதுதல்' பரீட்சை. மொத்தம் இருபது சொற்கள். யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அவன் எழுதிப் பார்க்க வேண்டும்.

யார் சொல்வது? அப்பா வேலையிலிருந்து திரும்ப இரவு ஒன்பது மணி ஆகும். அம்மாவுக்கு அடுப்படியில் வேலை. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். இங்கிலீஷ் சொல்லை எப்படி உச்சரிப்பது? தவறாகச் சொல்லிவிட்டால் பிள்ளையும் தவறாக எழுதுமே என்ற பயம் அவருக்கு.

பையன் என்ன செய்கிறான்? புத்தகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தடவை எழுதுகிறான். பக்கம் நிறைகிறது. மறுநாள் பரீட்சையில் பாதிக்கு மேல் பிழை! "எத்தனை தடவை எழுதினாய், ஏன் வரவில்லை?" என்று வீட்டில் கோபிக்கிறார்கள். பிள்ளைக்கு எழுத்து என்றாலே கசந்துபோகிறது.

தவறு பிள்ளையிடம் இல்லை. பார்த்து எழுதுவது வேறு, கேட்டு எழுதுவது வேறு. பார்த்து எழுதும்போது கண்ணும் கையும் வேலை செய்கின்றன, நினைவு தூங்குகிறது. கேட்டு எழுதும்போதுதான் நினைவு விழித்துக்கொள்ளும். அதற்குச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகக் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான்.

பேசிய பொம்மை

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1976-ம் ஆண்டில் அமெரிக்காவின் 'டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்' கம்பெனியில் பால் பிரீட்லவ் என்ற பொறியாளர் இந்த வேலையைத் தொடங்கினார். அவருடன் ரிச்சர்ட் விக்கின்ஸ், லாரி பிராண்டிங்ஹாம், ஜீன் ஃபிரான்ட்ஸ் ஆகிய மூவர் சேர்ந்தனர். ஆரம்பச் செலவுக்குக் கிடைத்த தொகை 25,000 டாலர். 1978 ஜூன் மாதம் சிகாகோ நகரில் நடந்த கண்காட்சிக்கு அவர்கள் செய்த பொம்மை வந்தது. அதன் பெயர் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்'. 'சொல், எழுத்துக் கூட்டு' என்று பொருள். விலை சுமார் 50 டாலர்.

கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பொம்மைக்குக் குரல் தேவையில்லை. ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று திரையில் காட்டினாலே போதும். எழுத்துப் பயிற்சியில் அப்படிச் செய்ய முடியுமா? சொல்லைத் திரையில் காட்டினால் விடையே தெரிந்துபோகும்! ஆகவே அந்தப் பொம்மை வாய் திறந்து பேசியே ஆக வேண்டும்.

அதற்கு முன் வந்த பேசும் பொம்மைகளுக்குள் நாடாவோ சிறு இசைத்தட்டோ இருக்கும். இந்தப் பொம்மையில் அவை இல்லை. மனிதர் பேசிய சொற்களை எண்களாக மாற்றிச் சிறு சில்லுக்குள் வைத்தார்கள். இன்னொரு சில்லு அந்த எண்களைத் திரும்பவும் குரலாக்கியது.

பொம்மை ஒரு சொல்லைச் சொல்லும். பிள்ளை எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். சரியானால் பாராட்டும். தவறானால் இன்னொரு தடவை முயலச் சொல்லும். மறுபடியும் தவறினால் சரியான எழுத்துகளை அதுவே வரிசையாகச் சொல்லிக் காட்டும். பத்துச் சொல் முடிந்ததும் எத்தனை சரி என்று சொல்லும். திட்டாது, தலையில் குட்டாது, சலித்துக்கொள்ளாது.

நல்ல பயிற்சிக்கு வேண்டிய மூன்றும் அதில் இருந்தன. சொல்லைக் காட்டாமல் சொன்னது. பிள்ளை எழுதும் வரை காத்திருந்தது. சரியா தவறா என்பதை உடனே தெரிவித்தது. இன்று எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் விளையாட்டுத்தான்.

செலவில்லாத வழி

புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அப்படி அக்காவுக்கோ அண்ணனுக்கோ வந்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடக்கலாம். ஓடுகிற நிலையில் இருந்தால் போதும். அதுவும் இல்லையா? கைப்பேசியே போதும்.

முதல் வழி, குரல் பதிவு. பெரும்பாலான கைப்பேசிகளில் குரலைப் பதிவு செய்யும் வசதி உண்டு. நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் சொல் பட்டியலைக் கொடுத்துப் பதிவு செய்து வாங்குங்கள். அவர் அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவியாக இருக்கலாம். வெளியூரில் இருக்கும் சித்தப்பாவாகவும் இருக்கலாம். அவர் பேசி அனுப்பினால் ஆயிற்று. ஐந்து நிமிஷ வேலைதான். பிள்ளை அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி எழுதலாம்.

இரண்டாவது வழி, எந்திரக் குரல். எழுதியதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் இப்போது பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் தமிழ்க் குரல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் குரலுக்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'வள்ளுவர்'! ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் தமிழ்க் குரலும் இங்கிலீஷ் குரலும் கிடைக்கும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத நேரத்திலும் பேசும்.

இரண்டில் எது மேல்? இங்கிலீஷ் சொல்லுக்கு எந்திரக் குரல் பெரிய உதவி. தமிழுக்குத் தெரிந்த மனிதரின் குரலே மேல். காரணம் அடுத்து வருகிறது.

காது ஏமாறும் இடம்

தமிழில் 247 எழுத்துகள். ஆனால் பிள்ளைகள் தடுமாறுவது ஒரு சில இடங்களில்தான். ர, ற. ல, ள, ழ. ந, ன, ண. இவற்றில்தான் பாதிச் சிக்கல்.

பேசும்போது பலர் ர, ற இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 'அரை' என்றாலும் 'அறை' என்றாலும் காதில் ஒன்றுபோல் விழும். 'ஏரி' வேறு, 'ஏறி' வேறு. 'கரை' வேறு, 'கறை' வேறு. தனிச் சொல்லாகச் சொன்னால் பிள்ளை எதை எழுதும்? பாவம், குருட்டாம்போக்கில் ஒன்றை எழுதிவைக்கும்.

ஆகவே சொல்லை மட்டும் பதிவு செய்யக் கூடாது. முதலில் சொல், பிறகு அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியம், மறுபடியும் சொல் என்று பதிவு செய்ய வேண்டும். "அறை. அண்ணன் அறைக்குள் இருக்கிறான். அறை." இப்படிச் சொன்னால் ஐயம் இல்லை.

நம் வாத்தியார்கள் எழுத்துகளுக்கு வைத்த பெயர்களும் இங்கே உதவும். 'ண' டண்ணகரம். 'ன' றன்னகரம். 'ந' தந்நகரம். இவை வெறும் பெயர்கள் அல்ல, வழிகாட்டிகள். 'ட' வரும் இடத்துக்கு முன்னால் 'ண்' நிற்கும்: வண்டி, நண்டு. 'ற' வரும் இடத்துக்கு முன்னால் 'ன்' நிற்கும்: கன்று, நன்றி. 'த' வரும் இடத்துக்கு முன்னால் 'ந்' நிற்கும்: பந்து, சந்தை. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை இந்தச் சொற்களில் தவறவே தவறாது.

இங்கிலீஷில் தொல்லை வேறு விதம். 'நைஃப்' என்கிறோம், எழுதும்போது முதலில் 'கே' வந்து நிற்கிறது. 'வென்ஸ்டே' என்ற கிழமையின் நடுவில் 'டி' ஒளிந்திருக்கிறது. இப்படிப்பட்ட சொற்களை நினைவில் வைக்க ஒரு சுலப வழி உண்டு. எழுதும்போது மட்டும் 'வெட்-னெஸ்-டே' என்று துண்டு துண்டாக மனத்துக்குள் சொல்லிக்கொள்ளட்டும். பேசும்போது வழக்கம்போல் பேசட்டும்.

பத்து நிமிஷப் பாடம்

பயிற்சி செய்யும் முறை இதுதான்.

1. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். அதில் ஏழு புதியவை, மூன்று முன்பு தவறியவை.

2. பிள்ளை சொல்லைக் கேட்டு, வாய்விட்டு ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். தவறாகக் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

3. புத்தகத்தை மூடிவிட்டுத் தாளில் பேனாவால் எழுதட்டும். பள்ளிக்கூடப் பரீட்சை தாளில்தானே நடக்கிறது! கைக்கு அந்தப் பழக்கம் வேண்டும்.

4. எழுதியதும் விடையைப் பார்க்கட்டும். பத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

5. தவறினால் முழுச் சொல்லையும் பத்துத் தடவை எழுதச் சொல்லாதீர்கள். தவறிய எழுத்தின் கீழ் கோடு போட்டு, ஒருமுறை பார்த்து, மூடிவிட்டு மறுபடி எழுதட்டும். சரியாக வந்தால் அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

அவ்வளவுதான். பத்து அல்லது பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் கைப்பேசியை எடுத்து வைத்துவிட வேண்டும். பயிற்சிக்கென்று கொடுத்த கைப்பேசி வேடிக்கைப் படத்தில் போய் நிற்கக் கூடாது.

ஒரே நாளில் நூறா, நாளுக்குப் பத்தா?

பரீட்சைக்கு முதல் நாள் உட்கார்ந்து எல்லாச் சொல்லையும் ஒரேயடியாக எழுதிப் பார்ப்பது பல பிள்ளைகளின் வழக்கம். அன்று எல்லாம் சரியாகவும் வரும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

இதைக் கம்ப்யூட்டரைக் கொண்டே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிஷ்மன், கெல்லர், அட்கின்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1968-ம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் மூலம் சொற்களைப் பயிற்சி கொடுத்தார்கள். சில சொற்களை ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்டார்கள். சில சொற்களை நாள் இடைவெளி விட்டுக் கேட்டார்கள். ஒரே நாளில் கேட்ட சொற்கள் அந்த நேரத்துக்கு நன்றாக வந்தன. நாள் கழித்துச் சோதித்தபோது இடைவெளி விட்டுப் படித்த சொற்களே அதிகம் நிலைத்திருந்தன.

மழைத் தண்ணீரைப் போலத்தான். ஒரே நாளில் கொட்டினால் ஓடிவிடும். விட்டு விட்டுப் பெய்தால் மண்ணில் இறங்கும்.

இந்த இடைவெளிக் கணக்கை வைத்துக்கொள்ள, ஜெர்மனியில் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-ல் ஒரு முறையை எழுதிவைத்தார். சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதிப் பெட்டிகளில் போட வேண்டும். சரியாக எழுதிய சொல் அடுத்த பெட்டிக்குப் போகும். தவறிய சொல் முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டியைத் தினமும் எடுக்கலாம். இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறையும் மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறையும் எடுக்கலாம். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் மூன்று டப்பாக்கள் இருந்தாலே இது நடக்கும்.

அதே கணக்கை எந்திரமே பார்த்துக்கொள்ளும்படி மென்பொருள்கள் வந்திருக்கின்றன. 'ஆங்கி' என்பது அவற்றில் ஒன்று. 2006-ல் வந்தது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இலவசம். ஐபோனில் மட்டும் விலை உண்டு. அதில் அட்டையின் முன்பக்கத்தில் குரலை வைக்கலாம். பின்பக்கத்தில் சொல்லை வைக்கலாம். பிள்ளை குரலைக் கேட்டு எழுதிவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்க்கும். சுலபமாக வந்த சொல் பல நாள் கழித்து வரும். தவறிய சொல் அன்றே திரும்ப வரும். விடையைத் தட்டச்சு செய்யும்படி அமைத்தால், சரியான எழுத்தைப் பச்சையிலும் தவறான எழுத்தைச் சிவப்பிலும் காட்டும்.

உதவி செய்து கெடுக்கும் எந்திரம்

கம்ப்யூட்டரில் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. கேட்காமலே உதவி செய்யும்! பிள்ளை இரண்டு எழுத்து அழுத்துவதற்குள் முழுச் சொல்லையும் எடுத்து நீட்டும். தவறாக எழுதினால் தானே திருத்திவிடும். பெரியவர்களுக்கு இது வசதி. எழுதப் பழகும் பிள்ளைக்கு இது வினை. பரீட்சை அறையில் அந்த உதவி வராது அல்லவா?

ஆகவே பயிற்சி நேரத்தில் சொல் காட்டும் வசதியையும் தானே திருத்தும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். விசைப்பலகையின் அமைப்புப் பகுதியில் இவற்றை நிறுத்தலாம். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தால் பிழையின் கீழ் வரும் சிவப்புக் கோட்டையும் மறைத்துவிடுங்கள். எழுதி முடித்த பிறகு, 'வேர்ட்', 'லிப்ரே ஆபீஸ்' ஆகிய மென்பொருள்களில் 'எஃப் 7' விசையை அழுத்தினால் இங்கிலீஷ் பிழைகளைக் காட்டும்.

தமிழைத் தட்டச்சு செய்யும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பலர் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறார்கள். அப்போது 'மரம்', 'மறம்' இரண்டையும் கருவியே காட்டும். பிள்ளை ஒன்றைத் தொடும். எழுத்தை யோசிக்கும் வேலை போய்விடும். தமிழ் எழுத்துகளே இருக்கும் விசைப்பலகையில் பழக்குவது நல்லது. 1999-ம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ் 99' என்ற விசைப்பலகை முறை வந்தது. அதில் உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலது கைப் பக்கம். 'க' அடித்து 'இ' அடித்தால் 'கி' வரும். உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்ற பாடமும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

எந்திரத்துக்குத் தெரியாதது

சிவப்புக் கோடு வரவில்லை என்றால் பிழையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். "பூவின் மனம் வீசுகிறது" என்று பிள்ளை எழுதுகிறது. 'மணம்' என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் 'மனம்' என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தான். சொல்லை மட்டும் பார்க்கும் எந்திரம் பேசாமல் இருந்துவிடும். பொருளைப் பார்க்கும் மனிதருக்குத்தான் அந்தப் பிழை தெரியும்.

நான்கு சொற்களைக் காட்டி 'எது சரி?' என்று தொடச் சொல்லும் விளையாட்டுகளும் பல இருக்கின்றன. மணி அடிக்கும், நட்சத்திரம் கொட்டும். பிள்ளைக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சரியானதைக் கண்டுபிடிப்பது வேறு. ஒன்றும் இல்லாத தாளில் தானாக எழுதுவது வேறு. அதிலும் மூன்று தவறான சொற்களைக் கண் முன்னே நிறுத்தி வைப்பது எதற்கு?

அம்மாவின் வேலை என்ன?

எழுத்தே அதிகம் தெரியாத தாய் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நிறையச் செய்யலாம். அருகில் உட்காரலாம். குரலை ஓடவிட்டு நிறுத்தலாம். பிள்ளை எழுதியதையும் புத்தகத்தில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கலாம். அதற்கு இங்கிலீஷ் உச்சரிப்புத் தெரிய வேண்டியதில்லை. கண் தெரிந்தால் போதும். எந்தச் சொல் தவறியது என்று ஒரு புள்ளி வைக்கலாம். மறுநாள் அந்தச் சொல்லை மறக்காமல் கேட்கச் செய்யலாம்.

நாள் போகப் போக அம்மாவும் ஒரு தாள் எடுத்துக்கொண்டு எழுதிப் பார்க்கலாம். இதில் வெட்கம் எதற்கு? அம்மாவின் தாளைப் பிள்ளை திருத்தட்டும். திருத்துகிறவன் பிழையைத் தேடுகிறான். தேடுகிறவன் எழுத்தைக் கவனிக்கிறான். இருவருக்கும் லாபம்.

கடைசியாக ஒன்று. சில பிள்ளைகள் எவ்வளவு பழகினாலும் எழுத்து மாறி மாறி வரும். படிப்பதிலும் திணறுவார்கள். மற்றப்படி கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். இவர்களைச் சோம்பேறி என்று அடிக்கக் கூடாது. முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவற்றில் குறையில்லை என்றால் 'டிஸ்லெக்சியா' என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தனி முறையில் சொல்லிக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளும் முன்னேறுவார்கள். சென்னையில் 'மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன்' இதற்காகவே இயங்கி வருகிறது.

மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டியது, தினம் பத்து நிமிஷமும் தெளிவாகச் சொல்லும் ஒரு குரலும்தான். இந்த வாரப் பாடத்தில் கடினமாக இருக்கும் பத்துச் சொற்களை இன்றைக்கே குறித்து வையுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். நாளைச் சாயங்காலம் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.